வெயிலில் நின்றவர்களும் நிழலில் காலியாகக் கிடந்த இருக்கையும்

அந்த நிறுத்தத்தில் கூரை இருந்தது, இருக்கை இருந்தது, நல்ல நிழலும் இருந்தது. ஆனால் உள்ளே ஒருவரும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று பேர் வெளியே வெயிலில், சாலையோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நான். முதல் நாள், இருக்கை அழுக்காக இருக்கும் போல என்று நினைத்தேன். போய்த் தடவிப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், இரும்பு இருக்கை சூடாகிவிடுகிறது என்று ஒரு காரணம் எழுதி வைத்தேன். ஆனால் காலை ஏழு மணிக்கும் யாரும் உட்காரவில்லையே. மூன்றாம் நாள் நானே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. பஸ் வரும் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. உள்ளே உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியாது.

“அதான் தம்பி, நாங்க யாரும் உள்ள போறதில்ல,” என்றார் பக்கத்தில் நின்ற வயதான அம்மா, ஏதோ நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைப் போல.

அந்தக் கூரையின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். விளம்பர வருமானத்தில் பராமரிப்புச் செலவு கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கணக்கு சரிதான். பலகை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. வண்டி ஓட்டி வருகிறவர்கள் கண்ணில் படும் பக்கம் என்று ஒப்பந்தக்காரர் கேட்டார், சரி என்றோம். வண்டிகள் வரும் பக்கம்தானே பஸ்ஸும் வரும்!

நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் பேருந்துத் தடங்களையும் நேர அட்டவணையையும் வகுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். அதில் முதல் நாலு வருடம் திரைக்கு முன்னாலேயே கழிந்தது. வரைபடத்தில் கோடு இழுப்பது, டிக்கெட் எண்ணிக்கையை அட்டவணையில் கொட்டுவது, வண்ணம் தீட்டுவது. நிறுத்தத்தில் போய் நிற்கத் தொடங்கியதே ஒரு தோல்விக்குப் பிறகுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. சூழலுக்கு உகந்த போக்குவரத்து என்றதும் எங்கள் கூட்டங்களில் எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசினார்கள். டீசலா, எரிவாயுவா, மின்சாரமா? ஒரு நகரப் பேருந்து நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு வரும். ஆக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தால் ஆளுக்கு 25 கிராம். நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 250 கிராம். அந்த நாலு பேரும் தனித்தனியாகச் சின்னக் கார்களில் போயிருந்தால்கூட அதைவிடக் குறைவாகப் புகைந்திருக்கும். மின்பேருந்து வந்தால் தெருவில் புகை இல்லை, சத்தம் குறைவு. அதெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, நாலு பேரோடு ஓடுகிற மின்பேருந்து கணக்கில் பெரிய வித்தியாசம் காட்டாது. வண்டி நிறைய வேண்டும். அது நிறைவதற்கு முன் மனிதர்கள் நிறுத்தத்தில் காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். என் வேலையின் பெரும்பகுதி அந்தச் சம்மதத்தைப் பெறுவதுதான் என்று புரிய எனக்கு அத்தனை வருடம் ஆயிற்று.

காத்திருப்பது பற்றிப் போக்குவரத்துப் பொருளாதாரத்தில் வெகுநாளாகப் புழங்கும் ஒரு விதி உண்டு: நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம், ஓடும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாகக் கனக்கும். நாங்களோ பஸ்ஸின் வேகத்தை மூன்று நிமிடம் கூட்டுவதற்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். நிறுத்தத்தில் பத்து நிமிடம் வீணாகிக்கொண்டிருந்தது.

எங்கள் முக்கியத் தடம் ஒன்றில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை. மணிக்கு ஆறு நடை. பணிமனைப் பதிவேட்டைப் பார்த்தால் ஆறும் புறப்பட்டிருக்கும், ஆறும் போய்ச் சேர்ந்திருக்கும். பயணிகள் மட்டும் “இருபது நிமிஷமா ஒண்ணையும் காணோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மக்களுக்குக் குறை சொல்வதே வழக்கம் என்று எங்கள் அறையில் ஒரு சிரிப்பு. ஒருநாள் தடத்தின் நடுவில் இருக்கும் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் நின்று, ஒவ்வொரு பஸ் வந்த நேரத்தையும் குறித்தேன். இரண்டிரண்டாக வந்தன. முன்னால் வந்தது பிதுங்கி வழிந்தது. அதன் வாலைப் பிடித்தபடி வந்ததில் பத்துப் பேர்கூட இல்லை.

இது ஓட்டுநர்களின் சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. ஒரு பஸ் ஏதோ காரணத்தால் ஒரு நிமிடம் பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். விட்டுவிட்டால் எந்தத் தடமும் இப்படித்தான் ஆகும். இதில் காத்திருப்புக் கணக்கைப் பாருங்கள். ஆறு பஸ்ஸும் சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். அதே ஆறு பஸ் ஜோடி ஜோடியாக வந்தால் இடைவெளி இருபது நிமிடம், சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். அதே வண்டி, அதே டீசல், அதே சம்பளம். பாதி சேவை காற்றில் போய்விட்டது. எங்கள் அறிக்கையில் “சராசரியாகப் பஸ்கள் பாதி நிறைகின்றன” என்று வேறு எழுதியிருந்தோம். ஒன்றில் மூச்சுவிட இடமில்லை, மற்றொன்று காலி. இரண்டையும் கூட்டி வகுத்தால் பாதிதான் வரும்.

சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. தடத்தின் நடுவில் ஓர் இடத்தில் நேரம் பார்த்து, சீக்கிரம் வந்த பஸ்ஸை ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்திவைப்பது. செய்து பார்த்தோம். முதல் வாரமே ஓட்டுநர்கள் வந்து நின்றார்கள். “சார், நடுரோட்டுல நிறுத்தினா உள்ள இருக்கறவங்க எங்களத்தான் திட்டறாங்க.” உண்மைதான். காரணம் சொல்லாமல் நின்றால் யாருக்கும் எரிச்சல் வரும். நடத்துநர் எழுந்து, “முன் பஸ் பக்கத்திலேயே போகுது, ரெண்டு நிமிஷம்” என்று சொன்னபோது பாதிப் பேர் அமைதியானார்கள். மீதிப் பேர் அப்போதும் திட்டினார்கள்.

அதைவிட நன்றாக வேலை செய்தது வேறொன்று. தடத்தின் கடைசியில் பஸ் திரும்பும் இடத்தில் நாங்கள் மூன்று நிமிடம்தான் கொடுத்திருந்தோம். போன நடையில் பத்து நிமிடம் பிந்தியவர் அடுத்த நடையையும் பிந்தித்தான் தொடங்குவார். சரி, மூன்றை எட்டு நிமிடமாக்கினோம். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. சும்மா நிற்கும் பஸ் அவர்கள் கண்ணுக்கு வீண். ஒரு பழைய ஓட்டுநர்தான் சொன்னார்: “எட்டு நிமிஷம் குடுத்தீங்க சரி, அங்க பாத்ரூம் எங்க சார்?” கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை இல்லை. அவர்கள் வழியில் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுப் போய் வருகிறார்கள். எங்கள் அட்டவணையில் காரணம் தெரியாமல் வந்த தாமதங்களில் சில அவை. கழிப்பறை கட்டிய பிறகு அந்தத் தடம் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. பயனர் என்றால் பயணி மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த வண்டியில் இருப்பவர் ஓட்டுநர் அல்லவா?

இப்போது அந்தத் தோல்வி.

எங்களிடம் பதினான்கு தடங்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பல நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, சிலவோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. எல்லாத் தடமும் எல்லா இடத்துக்கும் நேராகப் போகும், ஆனால் எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதை ஆறு தடங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுவது, வேறு பக்கம் போக வேண்டியவர்கள் நடுவில் ஒரு சந்திப்பில் பஸ் மாறிக்கொள்வது என்று திட்டம் போட்டேன். திட்டம் தவறில்லை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பேருந்து வலையமைப்பை ஒரே இரவில் இப்படித்தான் மாற்றியது. அதற்கு முன் அங்கே ஒரு கேள்வியை வெளிப்படையாக விவாதித்து முடிவெடுத்தார்கள்: இருக்கும் பணத்தில் எத்தனை பங்கை நிறையப் பேர் ஏறும் தடங்களுக்கு, எத்தனை பங்கை ஆள் குறைவாக இருந்தாலும் பஸ் இருந்தே தீர வேண்டிய இடங்களுக்கு? 80க்கு 20 என்று வைத்தார்கள். இந்த விகிதம் பொறியாளர் தீர்மானிக்க வேண்டியது இல்லை, மக்கள் பிரதிநிதிகள் தீர்மானிக்க வேண்டியது. நாங்கள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் நாங்களே பதில் எழுதிக்கொண்டோம். ஒற்றைப் பஸ்ஸையும் இழந்த இரண்டு குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்தபோது எங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய அடி அங்கே விழவில்லை, அந்தச் சந்திப்பில் விழுந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டன. தரையில் போய்ப் பார்த்தால் ஒரு பஸ் நிற்கும் இடத்துக்கும் மற்ற பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஆறு வழிச் சாலை. சிக்னல் சுற்றிக்கொண்டு போனால் 300 மீட்டருக்குக் குறையாது. ஒரு மாதத்தில் அந்தத் தடங்களில் கூட்டம் குறைந்துவிட்டது. நிறுத்தத்தில் வந்து நிற்கச் சொல்லி என்னை அனுப்பியது அப்போதுதான். விளம்பரப் பலகைக் கதையில் சொன்ன அதே அம்மா, முட்டி தேய்ந்தவர், ஒரு கையில் பையும் மறு கையில் பேரனுமாக வருவார். அவரிடம், “ரெண்டு பஸ் மாறுறது கஷ்டமா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“பஸ் மாறுறதுல என்ன கஷ்டம்? பழசுக்கு இது தேவலை, சீக்கிரம் வருது. நடுவுல அந்த ரோட்டத் தாண்டணுமே. அதுக்கு ஒரு பஸ் விடு.”

அதற்குப் பிறகு ஒரு தடத்தின் நிறுத்தத்தை மூலை திருப்பிக் கொண்டுவந்து, இன்னொன்றுக்கு நாற்பதடி தூரத்தில் வைத்தோம். பஸ்ஸுக்கு அதனால் ஒன்றரை நிமிடம் கூடுதல். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அலுவலகத்தில் ஐந்து வாரம் வாதாட வேண்டியிருந்தது. இரண்டாவது தவறு, மாறும்போது புது டிக்கெட். இரண்டு முறை கட்டணம் வாங்கினால் பஸ் மாறுவது தண்டனை போல ஆகிவிடும். தென்கொரியாவின் சியோல் 2004 ஜூலையில் தன் பேருந்துகளை மாற்றியமைத்தபோது தடங்களோடு கட்டணத்தையும் சேர்த்தே மாற்றியது. எத்தனை வண்டி மாறினாலும் மொத்தமாகப் போன தூரத்துக்கே கணக்கு, பஸ்ஸோ மெட்ரோவோ ஒரே அட்டை. நாங்கள் தடத்தை முதலில் மாற்றினோம், டிக்கெட்டை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினோம். இப்படி ஒரு மாற்றத்தில் இறங்குபவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒன்று உண்டென்றால் அது இதுதான்: மாறும் இடமும் மாறும் டிக்கெட்டும் தயாராகும்வரை புதுத் தடத்தைத் தொடங்காதீர்கள். முதல் மாதத்தில் இருசக்கர வண்டி வாங்கப் போனவர் திரும்பி வரமாட்டார்.

மாறுவதை ஒழுங்காக வடிவமைக்க முடியும் என்பதற்குச் சுவிட்சர்லாந்து ரயிலைக் காட்டுவேன். 1982 முதல் அங்கே நாடு முழுவதும் ஒவ்வொரு மணியும் ஒரே நிமிடத்தில் வண்டி. நேர அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முக்கிய நிலையங்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் ரயில்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, மக்கள் மாறிக்கொண்டதும் கிளம்பும். இது நடக்க வேண்டுமானால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே பயணம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிக்குக்கும் பெர்னுக்கும் நடுவே அது ஒரு மணிக்குச் சற்று அதிகமாக இருந்தது. புதுப் பாதை போட்டு 2004 டிசம்பரில் அதை ஒரு மணிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் வேகம் காட்டி என்ன பயன்? சீக்கிரம் போய் நிலையத்தில் காத்திருக்கத்தானே வேண்டும். முதலில் அட்டவணை, பிறகு அதற்கேற்ற பாதை. நாங்களெல்லாம் முதலில் பாலம் கட்டிவிட்டு அப்புறம் அதில் எந்தப் பஸ்ஸை விடுவது என்று யோசிக்கிறவர்கள்.

டிக்கெட் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதையும் நிறுத்தத்தில்தான் கற்றேன். ஒரு பெண்ணோடு, அவர் அனுமதியோடு, ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து பயணம் செய்தேன். காலையில் மகளைப் பள்ளியில் விட்டார், அங்கிருந்து மாமியாருக்கு மருந்து வாங்க மருத்துவமனை, பிறகு துப்புரவு வேலைக்கு ஓர் அலுவலகம், மதியம் வேறொரு வீட்டு வேலை, சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு காய்கறி வாங்கிவிட்டு வீடு. எட்டு மணி நேரத்தில் ஆறு சின்னப் பயணம். எங்கள் கணினியில் இவர் ஆறு தனித்தனிப் பயணிகள், எல்லாரும் “குறுந்தூரம், நெரிசல் இல்லாத நேரம்” என்ற பெட்டியில். தினமும் காலை ஒன்பதுக்கு நகர மையத்துக்குப் போய் ஆறுக்குத் திரும்புகிறவர் எங்கள் கண்ணுக்கு நல்லவராகத் தெரிந்தார். பஸ்களை எல்லாம் அவருக்காகவே அந்த இரண்டு மணி நேரங்களில் குவித்தோம், பதினொரு மணிக்கு வெட்டினோம். இந்தப் பெண் பதினொரு மணிக்கு 35 நிமிடம் நின்றார், அவரோடு நானும். வியன்னா நகராட்சி 1999-இல் போக்குவரத்து பற்றி மக்களிடம் கேட்டபோது இதேதான் தெரியவந்தது. ஆண்கள் பலர் கேள்வித்தாளைச் சில நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார்கள்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு. பெண்கள் எழுதி முடிக்கவே இல்லை.

அதிலிருந்து கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றினேன். “உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?” என்று கேட்டால் குளிர்சாதனம், வைஃபை என்று சொல்வார்கள், கேட்பவரை ஏமாற்றக் கூடாது என்ற மரியாதை. “நேற்று எங்கெல்லாம் போனீர்கள், எதில் போனீர்கள், எங்கே போகாமல் விட்டீர்கள்?” என்று கேட்டால் உண்மை வரும். கடைசிக் கேள்விதான் முக்கியம். போகாமல் விட்டதைப் பற்றி எந்த டிக்கெட் இயந்திரமும் சொல்லாது. நிறுத்தத்தில் நின்றாலும் பஸ்ஸில் வருபவர்களைத்தான் பார்க்க முடியும். வராதவர்களைப் பார்க்க மருத்துவமனை வரிசைக்கும் பள்ளி வாசலுக்கும் போக வேண்டும்.

ஒரு தடத்தில் இரவு 9.40 கடைசிப் பஸ். மூன்று பேர், நாலு பேர்தான் வருவார்கள். செலவுக் கணக்கில் அது ஒரு புண் மாதிரி கண்ணை உறுத்தும். வெட்டினோம். சில வாரம் கழித்து அதே தடத்தில் மதியம் இரண்டு மணி பஸ்ஸிலும் மூன்று மணி பஸ்ஸிலும் ஆள் குறைந்தது. தலையைச் சொறிந்துகொண்டோம். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். எட்டரைக்கு வேலை முடிந்து அதற்கு முந்தைய பஸ்ஸையே பிடித்துவிடுவார்கள், ஆனால் ஒரு நாள் நேரமாகிவிட்டால்? அந்த ஒரு நாளுக்காகக் கடைசிப் பஸ் இருக்க வேண்டும். அது இல்லாதபோது போகும்போதே வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். கடைசிப் பஸ்ஸின் கணக்கைத் தனியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு முன்னால் போகும் நாலு பஸ்ஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னர் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது இன்னொன்றும் சேர்த்தோம்: இரவில் இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே, வீட்டுக்குப் பக்கமாக இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். டொராண்டோவில் 1991-இலேயே இரவில் தனியாக வரும் பெண்களுக்கு இந்த வசதி வந்துவிட்டது. செலவே இல்லாத மாற்றம்.

நிறுத்தங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. 400 மீட்டர் என்று பாடப்புத்தகம். ஐந்து நிமிட நடை. நல்ல காலுள்ளவருக்கு அது சரி. நொடிக்கு 70 சென்டிமீட்டர் நடக்கும் எண்பது வயதுக்காரருக்கு அது ஒன்பதரை நிமிடம். மறுபக்கம், இருநூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் பஸ் ஊர்ந்துதான் போகும். பதினொரு நிறுத்தங்களை எடுக்க நினைத்து ஏழு நிறுத்தங்களை எடுத்தோம். மருத்துவமனை, முதியோர் குடியிருப்பு வாசல்களைத் தொடவில்லை.

தாழ்தளப் பேருந்து வந்தபோது நாங்கள் பெருமைப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் பட்டதில்லை. முதல் நாளே சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் ஏற முடியவில்லை. பஸ்ஸின் சாய்வுப் பலகை இறங்கியது, ஆனால் நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. வழியில் ஒரு மழைநீர் வடிகால், அதன் மூடி உயர்ந்திருக்கும். அதனால் ஓட்டுநர் ஓரம் கட்ட முடியவில்லை. ஓரம் கட்ட இடம் இருந்த இடத்தில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்து, “சார், பஸ்ஸத் தாழ்த்திட்டீங்க, ரோட்ட யாரு தாழ்த்தறது?” என்றார். பிரேசிலின் குரிச்சிபா இதை வேறு பக்கத்திலிருந்து தீர்த்தது. அங்கே 1974-இலேயே பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டுவிட்டார்கள். கட்டடக் கலைஞரான ஜைமி லெர்னர் அப்போது மேயர். 1991-இல் வந்த கண்ணாடிக் குழாய் நிறுத்தங்களில் பஸ்ஸின் தளமும் நிறுத்தத்தின் தளமும் ஒரே உயரம், கட்டணமும் உள்ளே நுழையும்போதே. பஸ்ஸில் பணம் எண்ணும் வேலை இல்லை, எல்லாக் கதவிலும் ஏறலாம், நாற்காலி உருண்டு உள்ளே போய்விடும். சக்கர நாற்காலிக்காகச் செய்தது தள்ளுவண்டிக் குழந்தைக்கும் மூட்டை சுமப்பவருக்கும் உதவியது. ஏறும் நேரம் குறைந்ததால் பின்னால் வரும் பஸ்ஸும் முன்னதைப் பிடிப்பது குறைந்தது.

தகவல் பலகை பற்றி நிறைய எழுதலாம், ஆனால் ஒன்றே போதும். செயலி வந்த பிறகு நிறுத்தத்திலிருந்த தாளை எடுத்துவிட்டோம். அது பெரிய தப்பு. போனில் சார்ஜ் இல்லாதவர், சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர், இன்னும் வாசிக்கக் கற்காதவர் எல்லாரும் பஸ்ஸில்தான் வருகிறார்கள். 1969-இல் திறந்த மெக்சிகோ நகர மெட்ரோவின் முதல் தடங்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் ஒரு சின்னம் வரைந்தார். வாசிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லி இறங்கலாம். நாங்கள் கடைசியில் செய்தது ஒரு பெரிய எழுத்துப் பலகை: தட எண், நிறம், காலை எத்தனை மணி முதல் இரவு எத்தனை மணி வரை, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று. அவ்வளவுதான்.

கட்டணமில்லாப் பயணத்தைப் பற்றிக் கேட்பார்கள். எஸ்தோனியாவின் தாலின் 2013-இல் நகரவாசிகளுக்கு இலவசமாக்கியது. பயணிகள் கூடினார்கள், ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. கூடியவர்களில் முன்பு நடந்து போனவர்களும் நிறைய. பிரான்சின் டன்கிர்க் 2018-இல் இலவசமாக்கும்போதே தடங்களையும் திருத்தி, அடிக்கடி வண்டி விட்டது. அங்கே கூட்டம் நன்றாகவே ஏறியது. இலவசம் என்பது கையில் காசில்லாதவருக்குப் பெரிய உதவி, அதற்காகவே செய்யலாம். வராத பஸ்ஸை இலவசமாக்கி மட்டும் காரில் வருபவரை இறக்க முடியாது.

விளம்பரப் பலகை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒப்பந்தக்காரரோடு பேசி, கடைசியில் பலகையைக் கூரையின் பின்பக்கச் சுவருக்கு மாற்றினோம், வருமானம் கொஞ்சம் குறைந்தது. மாற்றிய அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மட்டும் அதே இடத்தில், வெளியே, பேரனைப் பிடித்தபடி.

“இப்பத்தான் பஸ் தெரியுதேம்மா, உள்ள உக்காரலாமே?”

“தெரியுது தம்பி. எனக்கு பஸ் தெரிஞ்சு என்ன, டிரைவருக்கு நான் தெரியணுமில்ல? உக்காந்திருந்தா யாரும் ஏறலைன்னு போயிடுவாரு. நான் எழுந்து வர்றதுக்குள்ள எங்க.”

உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாரும் இளவயதுக்காரர்கள், பஸ் தலை தெரிந்ததும் துள்ளி எழுந்து ஓடக்கூடியவர்கள். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: கையைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் எல்லா நிறுத்தத்திலும் நிற்க வேண்டும் என்று பணிமனைக்கு உத்தரவு. நின்றால் ஒரு நடைக்கு எத்தனை நொடி கூடும்? அதையும் பக்கத்திலேயே கேள்விக்குறியோடு எழுதினேன். பஸ் வந்தது, அவர் பேரனை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினார். ஓட்டுநர் அவர் உட்காரும்வரை காத்திருந்து எடுத்தார்.